பரம ரகசிய மேப்பு

நில அளவை அலுவலகப் பதிவறையில் சங்கிலிமுத்து உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், நாட்டின் எல்லையே அவர் நாற்காலிக்கு அடியில்தான் ஓடுகிறது என்று தோன்றும்.

"ஆனைக்குட்டம் பக்கத்து அரசு வெடிமருந்து ஃபேக்டரியோட பழைய மேப்பு வேணும்" என்றார் சபியா.

"ஏம்மா, அது பரம ரகசியம். அதுக்கு மேல காக்காகூட கண்ணை மூடிக்கிட்டுத்தான் பறக்கணும். உனக்கெதுக்கு?"

"அந்தக் காலத்துல கழிவு மருந்தைக் கொட்டி மூடுன குழி எங்கன இருக்குன்னு தெரியணும். நாளைக்கு அங்கன ஜேசிபி தோண்டப்போகுது. தெரியாம குழியில பட்டா ஊரே போயிரும்."

"ஊரு போனா வேற ஊரு கட்டிக்கிடலாம். ரகசியம் போனா வருமா? ஃபேக்டரி மேனேஜரு கையெழுத்து இல்லாம தர மாட்டேன்."

சபியா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பையிலிருந்த முத்திரையையும் குத்தி நீட்டினார்.

"நான்தான் மேனேஜர்."

சங்கிலிமுத்து நாற்காலி சாய எழுந்தார்.

"மொதல்லயே சொல்லப்படாதாம்மா? உக்காருங்க. அந்த மேப்பு இங்கன இல்லீகளே. பாதுகாப்பா இருக்கட்டும்னு இரும்புப் பெட்டியில போட்டு, அப்பவே உங்க ஃபேக்டரிக்குள்ளதான் புதைச்சாக."

"ஃபேக்டரிக்குள்ள எங்கன?"

"எவனும் கை வைக்கப் பயப்படுற இடமாப் பாத்து, அந்த மருந்துக் குழியிலதான்."