பக்கத்துத் தோட்டத்துப் புளிச்சக்கீரை

எழுபத்தாறாம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் டண்டினொங்குக்குக் குடிவந்த கஸ்தூரி, விதையைப் புடவை மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்து புளிச்சக்கீரை போட்டாள். இலையெல்லாம் வெள்ளைப் பூஞ்சை படிந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் கெவின் தோட்டத்திலும் அதே விரல் விரலான இலை. ஆளுயரம், ஒரு புள்ளி இல்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"நம்ம விதையைத்தான் குருவி கொண்டுபோய் அங்க போட்டிருக்கு. வெள்ளைக்காரன் நம்மளவிட நல்லா வளர்க்கிறானே!"

"அவன்கிட்டயே கேளேன்" என்றார் கணவர்.

கேட்டாள். பாலில் தண்ணீர் கலந்து காலையில் தெளிக்கச் சொன்னான் கெவின். அடி இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் விடச் சொன்னான். பூஞ்சை போயிற்று. ஆனாலும் அவள் செடியைவிட அவன் செடிதான் இரண்டு முழம் அதிக உயரம். கஸ்தூரிக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை கெவின் தோட்டத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றார்.

"இது யார் போட்ட செடி?"

"தெரியாது சார். தானா முளைச்சது" என்றான் கெவின்.

விடுவாளா கஸ்தூரி? வேலியை எட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"பொய்! விதை என்னுது. அத்தனையும் என் செடி சார்!"

போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார்.

"அப்படியா மேடம்? எத்தனை வருஷமா கஞ்சா வளர்க்கிறீங்க?"