ஒரே கட்டை

"நான் பொம்மை விஷயமா வந்திருக்கேன். வேற பேச்சு எதுவும் இல்லே" என்றார் தேசப்பன், வாசலில் நின்றபடியே.

கெங்கம்மாள் தையல் மிஷினை நிறுத்தினாள். ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது. மலை ஏறுகிறவர்களுக்கான மஞ்சள் துணிகள் அறை முழுக்கக் குவிந்திருந்தன. அவற்றை ஒதுக்கி அவர் உட்கார இடம் செய்தாள்.

சந்தில் கார் நிற்பதைப் பார்த்து அடுத்த வீட்டு ஆலம் பீ ஓடி வந்தாள். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். காரை ஓட்டும் கரிவாயுவுக்காகப் பின்னால் கட்டியிருந்த பீப்பாய் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"யாரும்மா இவரு?"

"அரக்கோணத்துக்காரரு. மரப்பொம்மை சேக்கிறவரு."

ஆலம் பீக்கு முகம் மலர்ந்தது. கெங்கம்மாள் அங்கே குடிவந்து ஒரு வருஷம் இருக்கும். புருஷனைப் பற்றிக் கேட்டால் "இருக்காரு" என்பாள். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டாள். மிஷின்கூட ஹயாத் பாஷா கடையில் வாடகைக்கு எடுத்தது. அவளிடம் விலை போகக்கூடியது மாடத்தில் இருந்த அந்த ஒரு பொம்மைதான். செம்மரத்தில் செதுக்கிய ராணி, ஒரு சாண் உயரம்.

தேசப்பன் பையிலிருந்து பட்டுத்துணி சுற்றிய இன்னொரு பொம்மையை எடுத்தார். ராஜா. ராணியையும் இறக்கி, இரண்டையும் முதுகு தெரியப் பாயில் நிறுத்தினார். ராஜாவின் தோளில் தொடங்கிய கறுப்பு ரேகை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ராணியின் இடுப்பில் போய் முடிந்தது.

"பாத்தீங்களா? ஒரே கட்டையைப் பொளந்து செதுக்கினது" என்றார் ஆலம் பீயிடம். "எங்கிட்ட ரெண்டு கண்ணாடி பீரோ நிறைய பொம்மை இருக்குது. கொண்டபல்லி, திருப்பதி, எல்லாம். இந்த வேலைப்பாடு எதுலயும் கெடையாது. வெள்ளிக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து ஒரு துரைசானி வரா, படம் புடிச்சுப் புஸ்தகம் போட. ஒத்தை ராஜாவை வெச்சா சிரிப்பா."

"ஆங், சிரிக்கத்தான் சிரிப்பா. இது கல்யாணத்துல பொண்ணுக்கு அம்மா வீட்டுல ஜோடியா குடுக்கிறது ஆச்சே! ராஜா மட்டும் உங்களுக்கு எப்படிங்க கெடச்சான்?"

"வந்து சேந்தான். அது கெடக்குது."

கெங்கம்மாள் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். ஒன்றைத் தேசப்பன் முன்னால் வைத்தாள். மற்றதை டிரைவர் வேணுவுக்கு வாசலில் கொடுத்தாள்.

"பாயசம் கணக்கா இருக்குதும்மா!" என்றான் வேணு. "ரேஷன் காலத்துல இவ்ளோ சர்க்கரையா?"

"உங்களுக்கும் தித்திப்பு சரியா இருக்குதுங்களா?" என்று ஆலம் பீ உள்ளே கேட்டாள்.

"நான் சர்க்கரை தொடறதில்லே. இது சரியா இருக்குது" என்று தேசப்பன் டம்ளரைக் காலி செய்து வைத்தார். பிறகு கெங்கம்மாள் பக்கம் திரும்பினார். "சொந்தமா புது மிஷின் எறக்கித் தர்றேன். ராணியைக் குடு."

"மாட்டேன்."

"வீட்டுக்குப் புது ஓடு போட்டுத் தர்றேன். மழைக்கு ஒழுவாது."

"ஒழுவட்டும்."

"பைத்தியமா உனக்கு?" என்று ஆலம் பீ அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு கட்டைக்கு மிஷினு தர்றேன்றாரு!"

"கட்டைதான். என் கட்டை."

தேசப்பன் குரலைத் தணித்தார். "ஜோடியைப் பிரிச்சு வெக்கிறது பாவம்மா."

கெங்கம்மாள் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். ஒரே கட்டையில பொறந்தது, ஒரே எடத்துல இருக்கணும்."

"இவங்க முன்னால சொல்லுங்க."

"ஊர் முன்னாலயே சொல்றேன். ரெண்டும் ஒரே எடத்துலதான் இருக்கணும்."

கெங்கம்மாள் கத்தரியை எடுத்தாள். மஞ்சள் துணியில் இரண்டு துண்டு வெட்டி, ராஜாவுக்கு ஒன்றும் ராணிக்கு ஒன்றும் சுற்றினாள். இரண்டின் முனைகளையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அல்லா! இப்பத்தான் பொண்ணுக்குப் புத்தி வந்துது" என்றாள் ஆலம் பீ.

தேசப்பன் சிரித்துக்கொண்டே பையின் வாயை விரித்துப் பிடித்தார்.

கெங்கம்மாள் இரண்டு பொம்மைகளையும் தூக்கி மாடத்தில் வைத்தாள். மாடத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"பையை மூடுங்க, மாமா. ராஜா இங்கியே இருக்கட்டும். உங்க புள்ளைய நீங்களே வெச்சிக்குங்க."