நினைவுக் காசு தொலைந்துபோனது

அணாக் கணக்கு போய்ப் பைசாக் கணக்கு வந்ததைக் கொண்டாட ஒரு நாட்டில் வெள்ளியில் நினைவுக் காசு அடித்தார்கள். அதில் ஒன்று பிறந்ததிலிருந்தே, பழங்காசு சேர்க்கும் தைரியநாதனின் பீரோவுக்குள், வெல்வெட் பெட்டியில் படுத்துக் கிடந்தது. கையுறை போடாமல் அவர் அதைத் தொட்டதே இல்லை. வருகிறவர்களிடம், "நல்ல பீஸ்" என்பார். அவ்வளவுதான்.

அதே பெட்டியில், பக்கத்துக் குழியில் ஓர் ஓட்டைக் காலணா கிடந்தது. பழங்கதை பேசாவிட்டால் அதற்குப் பொழுது போகாது.

"ஒரு தடவை பூக்காரி கையிலேர்ந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில ஓடிட்டேன். உலையை அப்படியே கொதிக்க விட்டுட்டுத் தேடினா பாரு! கிடைச்சதும் என்னைக் கண்ணுல ஒத்திக்கிட்டா."

நினைவுக் காசுக்கு ஏக்கமாகிவிட்டது. "என்னை யாருமே தேடினதில்லையே, அக்கா."

"நீ தொலைஞ்சாத்தானேடி தேடுவாங்க!"

மறுநாள் தைரியநாதன் எடுத்துத் துடைக்கும்போது, காசு மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவர் விரலிடுக்கிலிருந்து நழுவியது. உருண்டோடிப் போய் பீரோவுக்கு அடியில், ஒட்டடைக்குள் விழுந்தது. ஒரே இருட்டு. அவர் தேடாமலே விட்டுவிட்டால்?

"ஐயோ, என் தங்கமே!"

கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, தொந்தியோடு தரையில் குப்புறப் படுத்தார் தைரியநாதன். முனகிக்கொண்டே கையை நீட்டினார். விரல் படப்போகும் நேரத்தில் காசு நைசாக ஒரு சாண் தள்ளிப் போனது.

பெட்டிக்குள்ளிருந்து காலணா அதட்டியது: "போதும்டி, வந்துடு! அவருக்கு இடுப்பு வலி."

"இரு அக்கா," என்றது காசு. "இன்னொரு தடவை தங்கமேன்னு சொல்லட்டும்."