மணிக்கட்டில் நான்கு கோடுகள்

அவள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

கையில் எட்டுப் புத்தகங்கள். மேலே ஒரு கடிதம்.

எட்டும் அவர் எழுதியவை. எட்டுக்கும் படம் போட்டவள் அவள். கடற்படை அதிகாரி அதிரதனின் சாகசங்கள், வருடத்துக்கு ஒன்று. அதிரதனைத் தெரியாத பிள்ளை தமிழ்நாட்டில் கிடையாது.

புத்தகங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். அட்டைகளை அவர் உற்றுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அவர் வழக்கம் அப்படி. முழுக் கதையை அவளிடம் கொடுக்கவே மாட்டார், வெளியே போய்விடுமாம். என்ன படம் வேண்டும் என்று சீட்டில் இரண்டு வரி எழுதி அனுப்புவார். போட்ட படத்தைப் பார்க்கவும் மாட்டார், அது நேரே அச்சகத்துக்குப் போகும். படமெல்லாம் சும்மா பிள்ளைகளை இழுக்கத்தான் என்று மேடையிலேயே சொன்ன மகராசன்.

இன்று பார்த்தார். அவர் விரல் ஒவ்வொரு அட்டையிலும் அதிரதனின் மணிக்கட்டில் நின்றது.

முதல் புத்தகத்தில் கருநீலச் சீருடையின் கையில் ஒரு பொன்கோடு. இரண்டாவதில் லெப்டினன்ட், இரண்டு கோடு. மூன்றாவதில் கமாண்டர், மூன்று. நான்காவதில் கேப்டன், நான்கு.

ஐந்தாவதில் மூன்று.

ஆறாவதில் இரண்டு.

ஏழாவதில் ஒன்று.

எட்டாவது போன மாதம்தான் வந்தது. அதில் அதிரதன் அட்மிரல். எழுத்தில் மட்டும். அட்டையில் விறைப்பாகச் சல்யூட் அடிக்கிறான், கையில் ஒரு கோடுகூட இல்லை.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கே?”

அவள் நான்கு வருடமாக இந்தச் செருப்புச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தாள்.

அவளுடைய அப்பா கப்பலில் இயந்திர அறை ஆள். அதிகாரி இல்லை. அவர் கையில் எந்தக் கோடும் இருந்ததில்லை. ஒரு நாள் கீழே தீப்பிடித்தது. எல்லோரும் ஏணியில் மேலே ஏற, அவர் மட்டும் கீழே இறங்கி நீராவிக் குழாயை அடைத்தார். இரண்டு கையும் வெந்து போயிற்று. அறுபது பேர் பிழைத்தார்கள். அப்பா மூன்றாம் நாள் போனார்.

ஒரு சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே இதை எழுத்தாளரிடம் சொன்னாள். கண் கலங்கித்தான் கேட்டார்.

பிறகு ஒரு சீட்டு வந்தது. ‘தீக்குள் இறங்கும் அதிரதன். பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்து நடுங்கும் இயந்திர அறை ஆள். பார்த்தால் பிள்ளைகள் சிரிக்க வேண்டும்.’

சீட்டைப் பார்த்துத் திகைத்தாள். இது வேறு ஏதோ கதை என்று நினைத்தாள், பைத்தியக்காரி. இயந்திர அறை ஆள் என்றால் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். ஒளிந்திருந்தாலும் அப்பா முகமாயிற்றே என்று ஆசையாக வரைந்தாள்.

நான்காவது புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் படித்தாள். தீயில் இறங்கிக் குழாயை அடைத்தது அதிரதன். அதற்காகத்தான் அவனுக்கு நான்காவது கோடு.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பீப்பாய்ப் படத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“அப்படியே உங்க அப்பாடி.”

அன்று மகள் வேலையைத் தூக்கி எறிய நினைத்தாள். எறிந்தால் வேறொருத்தர் வரைவார், நான்கு கோடும் பத்திரமாக இருக்கும்.

எறியவில்லை. அடுத்த சீட்டு வந்ததும் உட்கார்ந்து மூன்று கோடு போட்டாள்.

கொண்டுவந்த கடிதத்தை அவர் இப்போது அவள் முன்னால் போட்டார். சிவகங்கையிலிருந்து பொன்மலர், ஏழாம் வகுப்பு. குண்டு குண்டான எழுத்து.

‘மாமா, எங்க சித்தப்பா நேவியில இருக்காங்க. தப்பு செஞ்சாத்தான் கோடுகளப் பிடுங்குவாங்களாம். தீப்பிடிச்ச கதைக்கு அப்புறம்தான் அதிரதனுக்குக் குறையுது. அதுல அவர் என்ன தப்பு செஞ்சார்? எங்க வகுப்பில எல்லாரும் கேக்கறாங்க.’

இரண்டு தடவை படித்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“அடுத்த பதிப்புல எல்லாத்தையும் சரி பண்ணிடணும்” என்றார்.

அவள் மேசையைத் துடைத்தாள். ஒரு வெள்ளைத் தாளை அவர் முன் வைத்தாள். பேனாவின் மூடியைத் திறந்து அதன் மேல் வைத்தாள்.

“குழந்தை உங்களைத்தானே சார் கேட்டிருக்கு. நீங்களே எழுதுங்க.”

அவர் நான்காவது புத்தகத்தைப் புரட்டினார். பீப்பாய்ப் பக்கத்தில் அவர் கை நின்றது. அந்த முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அதே மூக்கு, அதே தாடை.

நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

அன்புள்ள பொன்மலருக்கு, என்று எழுதினார். ஒரு வரி எழுதினார், அடித்தார். இன்னொரு வரி எழுதினார். பாதியில் பேனா நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“உங்க அப்பா பேரு என்னம்மா?”

எட்டு வருடத்தில் முதல் தடவை.

நான்கு வருடம் அவள் காத்திருந்தாள், அவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும். தொட்டிப் பக்கம் திரும்பினாள். இன்னும் ஐந்து தூரிகைகள் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, மயிர் மயிராகப் பிரித்து, நிதானமாகக் கழுவ ஆரம்பித்தாள்.