இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை

அது 2012-ஆ 2013-ஆ என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. வயர் மஞ்சளா சிவப்பா என்பதும் தெரியவில்லை. எனக்குச் சாதகமானதை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறேனோ என்ற சந்தேகம் பல வருடங்களாக உண்டு.

கடற்கரை ஊர் ஒன்றின் தேவாலயப் பங்கு மண்டபம். மதியம் மூன்று மணி. ஊரில் மின்வெட்டு. மின்திட்டக் குழுவாகிய நாங்கள் வாடகைக்கு எடுத்து வந்த ஜெனரேட்டர் வெளியே புகை கக்கிக்கொண்டிருந்தது.

திரையில் இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம். 2040 வரை எந்த நாட்டில் எத்தனை மின்நிலையம் கட்ட வேண்டும், எந்த எல்லையைத் தாண்டி எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று எங்கள் கணினியில் ஓடும் திட்ட மாடல் சொல்லும். இலங்கைக்கு ஒரு கேபிள் இந்த ஊர் வழியாகப் போகலாம் என்று அது சொல்லியிருந்தது. அதனால் ஊராரிடம் கருத்துக் கேட்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும்.

குழுத் தலைவர் குமாரதாஸ் மீன் வாடைக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினார்.

அந்த ஊரின் ஒரு நாள் மின்தேவை திரையில் வந்தது. மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

முன்வரிசையிலிருந்து மரியான் என்ற மீனவர் எழுந்தார்.

“ஏன் சாரே, ரெண்டு மணியானா எங்க ஊரே செத்தா கெடக்கு? நேத்து மூணு மணிக்கு கறண்டு ஆபீசுக்கு போன் போட்டேனே, அது என் ஆவியா?”

மண்டபம் சிரித்தது. குமாரதாஸும் சிரித்தார். “மத்தியானம் எல்லாரும் உறங்குவீங்க. டேட்டா பொய் சொல்லாது.”

அந்த டேட்டாவை நிரப்பியவன் நான். துணைமின்நிலையப் பதிவேட்டில் மின்வெட்டு நேரத்துக்கு எதிரே ஒரு சின்னக் கோடு மட்டும் இழுத்திருப்பார்கள். கணினி வெற்றுக் கட்டத்தை ஏற்காது. நான் பூஜ்யம் போட்டேன். மின்சாரம் கொடுக்காத நேரம் மின்சாரம் தேவைப்படாத நேரமாகிவிட்டது. கணினி அதை 2040 வரை நீட்டி, மிஞ்சியதைக் கடல் தாண்டி அனுப்பியது.

எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

திரை நடுங்கியது. குமாரதாஸ் என் காதருகே குனிந்தார். “எவனோ நம்ம ஜெனரேட்டர்ல வயர் போட்டிருக்கான். போய்ப் பிடுங்கு.”

ஒரு வயர் ஜன்னல் வழியாகப் பின்னறைக்குப் போனது. சமையல் பாத்திரங்களுக்கு நடுவே ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். காலடியில் ஆக்சிஜன் மெஷின். பெயர் ஆன்ட்ரூஸ் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் அவர் மனைவி லீமா.

“சிலிண்டர் இன்னைக்கு வரல்ல மக்கா. இப்போ ஊருல ஓடுதது ஒங்க மோட்டர் மட்டுந்தான். பாதர்ட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன்.”

“பத்து நிமிஷம்தான். நான் வந்து சொல்லாம செருகாதீங்க. செருகினா இந்த மெஷினும் எரிஞ்சிரும்.”

பொய். அவள் வாயை அடைக்க அது போதுமாக இருந்தது.

“பத்து நிமிசம் தாங்குவாரு. அதுக்கு மேல போவப்பிடாது மக்கா.”

பிளக்கைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தேன். சூடாக இருந்தது.

மண்டபத்துக்குத் திரும்பினால், திரை அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. புரொஜெக்டரின் பின்னால் ஒரு கேபிள் தளர்ந்திருந்தது. விரலால் அழுத்தினேன். நடுக்கம் நின்றது.

உடனே போயிருக்கலாம். பின்னறைக்குப் போகத் திரையின் குறுக்கே நடக்க வேண்டும். குமாரதாஸ் 2040-க்கு வந்திருந்தார். குறுக்கே நடந்தால் அவருக்குப் பிடிக்காது.

நான் உட்கார்ந்தேன். யாரோ கொடுத்த தேநீரையும் குடித்தேன்.

பதினான்கு நிமிடம்.

நான் போனபோது லீமா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். பிளக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதைச் செருக வேண்டிய துளை ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஆன்ட்ரூஸின் உதடு கறுத்திருந்தது.

“இனி போடலாமா மக்கா?”

தலையாட்டினேன். மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லா இருப்பே என்றாள்.

நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

ஆன்ட்ரூஸ் அன்று சாகவில்லை. அடுத்த தவக்காலத்தில் இறந்தார். லீமா மகள் லிஜியோடு தூத்துக்குடியில் இருக்கிறாள். மரியான் இன்னும் கடலுக்குப் போகிறார். குமாரதாஸ் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய பதவியில் இப்போது நான் இருக்கிறேன்.