ராத்திரி ஷிப்ட் மகன்

"டீச்சர், உங்களுக்கு இப்பம் இல்ல. அடுத்த ஸ்டாக் வரட்டும்."

மருந்துக்கடை செந்தில்வேல் இப்படி முகத்துக்கு நேரே சொல்வார் என்று தேவகனி டீச்சர் நினைக்கவில்லை.

"எனக்கு ஆஸ்துமா அண்ணாச்சி. டாக்டர் சீட்டும் இருக்கு."

"தெரியும் டீச்சர். தூத்துக்குடி முழுக்க புளூ காய்ச்சல். வந்திருக்கது முப்பதே தடுப்பூசி. படுத்துட்டா கஞ்சி வச்சுக் குடுக்க ஆளில்லாதவங்களுக்குத்தான் முதல்ல. உங்களுக்கு மகன் ஸ்டெபின் கூட இருக்காருல்லா?"

இருந்தால்தானே.

ஸ்டெபின் கனடா போய் நாலு வருஷம். கடைசியாகப் பேசியது போன கிறிஸ்துமஸுக்கு. ரிடையராகி நாசரேத்திலிருந்து இந்தத் தெருவுக்குக் குடிவந்த அன்று, "தனியாவா இருக்கிய?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். டீச்சருக்கு ரோஷம். "மகன் இருக்கான். ஹார்பர்ல ராத்திரி ஷிப்ட், பகல்ல தூங்குவான்" என்று சொல்லிவிட்டாள்.

ரெண்டு வருஷமாக அந்தப் பொய்யைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்து வருகிறாள். வாசலில் ஒரு ஜோடி பெரிய செருப்பு. கொடியில் ஆம்பளைச் சட்டை. மாதாமாதம் இதே கடையில் மகனுக்கு ஷேவிங் பிளேடு.

'எனக்கு யாரும் இல்ல.' மூன்றே வார்த்தை. சொன்னால் ஊசி கிடைக்கும். ஆனால் பின்னால் வரிசையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"சரி அண்ணாச்சி. அவன் பாத்துக்கிடுவான்."

பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு கையைத் தேய்த்தபடி வந்தாள் சுடலைச்செல்வி. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை அவளுக்கு.

"குடுத்து வச்சவங்க டீச்சர் நீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அழுகை வந்தது. கூடவே இருமலும். இரக்கமில்லாத மனுஷன் என்று செந்தில்வேலை வாய்விட்டே திட்டினாள். திட்டுவதைக் கேட்கக்கூட வீட்டில் ஆளில்லை.

மத்தியானம் வாசலில் சத்தம்.

"டீச்சர், ஸ்டெபின் கேட்ட மருந்து கொண்டாந்திருக்கேன்."

தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார் செந்தில்வேல். கையில் ஐஸ் டப்பா. பின்னால் கிளினிக் நர்ஸ் ஜாய்.

உள்ளே வந்ததும் குரல் தணிந்தது.

"உக்காருங்க டீச்சர். லிஸ்ட்ல முதல் பேரே உங்க பேருதான். அங்கன வச்சுப் போட்டா நாலு பேருக்குத் தெரிஞ்சு போகும்லா."

ஜாய் பஞ்சால் கையைத் துடைத்தாள். ஊசி ஏறியதுகூட டீச்சருக்கு உறைக்கவில்லை.

"எப்படித் தெரியும் அண்ணாச்சி? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." ஐஸ் டப்பாவை மூடினார் செந்தில்வேல். "ரெண்டு வருஷமா மகனுக்குப் பிளேடு வாங்குதிய. ஒருநாளாவது அவருக்கு ஒரு தலைவலி மாத்திரை வாங்கலயே டீச்சர்."