உதறாத வெப்பமானி

இது வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் மேகலா சொல்லிக் கேட்டது. நான் நேரில் பார்க்கவில்லை.

அங்கே பகலின் உச்ச வெப்பம் காட்டும் வெப்பமானியைத் தினமும் உதறிவிட வேண்டும். இல்லையென்றால் பாதரசம் பழைய எண்ணிலேயே நிற்கும். ஒரு மே மாதத்தில் ஒருநாள் உதற மறந்துவிட்டார்கள். மறுநாள் முழுக்க மழை.

“நாற்பத்திரண்டு என்று எழுதட்டுமா?” என்றது பேனா.

“எழுதுடா!” என்றது பதிவேடு. “இன்னொரு நாற்பத்திரண்டு விழுந்தால், இந்த ஊரில் இதுவரை இல்லாத வெயில் மாதம் இதுதான்.”

“அது நேற்றைய வெயில் அண்ணே,” என்றது வெப்பமானி. “இன்று நான் எதையும் அளக்கவில்லை.”

“பிழைக்கத் தெரியாதவனே! பழுது என்று உன்னைத் தூக்கி எறிவார்கள்.”

“எறியட்டும். மழை கொட்டும்போது நாற்பத்திரண்டு என்று சொல்லமாட்டேன்.”

பேனா ஜன்னலைப் பார்த்தது. பிறகு ஒரு கோடு மட்டும் இழுத்தது.

பின்னாளில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். மே மாதத்துக்கு முப்பத்தொரு நாள். சராசரிக்கு, கூட்டுத்தொகையை முப்பதால் வகுத்திருந்தார்கள்.